எந்தப் பூசை வைப்பது?

மத்தியானம் இரண்டரை மணி... ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு சாலை.

என்ன, உதட்டைப் பிதுக்குகிறீர்கள்? பேய்க்கதை என்றால் நடுராத்திரியில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டமா? ராத்திரிதான் இங்கேயே கிடக்கிறதே. கரண்ட் போய்விட்டது. மாவு பிசைகிற மெஷின் பாதியில் நிற்கிறது. கரண்ட் வரும்வரை ரொட்டியும் வேகாது, நமக்கும் வீடு கிடையாது. அடுப்பில் இன்னும் சூடு இருக்கிறது, நெருங்கி உட்காருங்கள். பொட்டலம் போடுகிற அக்கா, நீயும் இப்படி வா. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காராதே... சும்மாதான் சொன்னேன், பயப்படாதே.

இது எனக்கு நடந்ததல்ல. நடந்திருந்தால் இப்படிக் கால் நீட்டி உட்கார்ந்து கதையளப்பேனா? இங்கே வயரிங் பார்க்க வருவானே, 'ஃபியூஸ்' என்று கூப்பிடுவோமே, அவனுடைய பெரியம்மாவுக்கு நடந்தது. இதைச் சொல்லி முடிக்கும்போது அவன் கையிலிருந்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது. ஓசி டீயை ஆறவிடுகிற ஆளா அவன்? அதனால்தான் நம்பினேன்.

அந்தப் பெரியம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். வலியில் துள்ளுகிற பெண்களைப் பிடித்துக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவள் பிடித்த இடம் சிவக்காது... ஆனால் பிடிபட்டவள் அசையவும் முடியாது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தபிறகும் கை மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் கையைத் தேடித்தான் ஒரு ஃபாதர் வந்தார்.

ஃபாதர் என்றதும் அங்கி பறக்க, கண் சிவக்க வருகிறவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். குட்டையான மனிதர். வருஷம் முழுக்கத் தொண்டை கட்டியிருக்கும். வாயில் எப்போதும் ஓர் இருமல் மிட்டாய். பிள்ளைகள் அவரை மிட்டாய் ஃபாதர் என்றுதான் சொல்லும். ஆயர், அதாவது பிஷப், அவரைத்தான் பேயோட்டுகிற பொறுப்பில் வைத்திருந்தார். கத்தோலிக்கர்களிடம் அது அப்படித்தான். எல்லாச் சாமியாரும் நினைத்தபடி பேயோட்டிவிட முடியாது. ஆயர் அனுமதி கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் டாக்டர் பார்க்க வேண்டும், மனநல டாக்டரும் பார்க்க வேண்டும். "பேய் பிடிச்சிருக்குன்னு நூறு பேர் வந்தா தொண்ணூத்தொம்பது பேருக்கு மாத்திரைதான் மருந்து" என்பாராம் அவர்.

நூறாவது ஆள் ஒரு கண்ணாடிக் கடைப் பெண். மூக்குக் கண்ணாடி விற்கிற கடை. விடுதியில் கூட இருந்த பெண்களோடு சேர்ந்து ஓர் அட்டையில் எழுத்துகளை எழுதி, நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் விரலை வைத்து ஆவியைக் கூப்பிட்டிருக்கிறாள். எதற்கு? தனக்கு வரப்போகிற மாப்பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்ள! விளையாட்டு வினையாகிவிட்டது. மற்றவர்கள் விரலை எடுத்தபிறகும் டம்ளர் நகர்ந்ததாம்... அதன்பிறகு கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் அவர்கள் வீட்டில் செத்துப்போனவர்களின் பெயரைச் சொல்லி நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். டாக்டர்கள் தலையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் அந்த மனநல டாக்டரே, "எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் பண்ணிட்டேன் ஃபாதர், இனி உங்க பாடு" என்று கைவிரித்துவிட்டார்.

பெண்ணுக்குச் சடங்கு செய்தால் அறையில் ஒரு பெண் துணை இருக்க வேண்டும். அதற்குத்தான் பெரியம்மா.

அந்த இரண்டரை மணிச் சாலையில் அவர்கள் இருவரும் நடந்துபோனார்கள். ஊருக்கு வெளியே பழைய கிடங்குகளுக்கு நடுவே போகிற சாலை. முடிவில் ஒரு தியான இல்லம். வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. ஒவ்வோர் அடிக்கும் 'சப்... சப்...' என்று சத்தம். வேறு சத்தமே இல்லை. ஃபாதர் நடந்துகொண்டே கேட்டார்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டீங்களாம்மா?"

"காலையிலேயே போய் எல்லாப் பாவத்தையும் சொல்லிட்டேன் ஃபாதர்."

"நல்லது. அங்க சொல்லிட்டது எதுவும் அதோட கைக்கு எட்டாது. சொல்லாம வச்சிருக்கிறதுதான் அதோட சொத்து. இன்னொண்ணு... உள்ள போனதும் நான் கேக்கறதைத் தவிர யாரும் எதுவும் கேக்கக்கூடாது. அது என்ன சொன்னாலும் பதில் பேசக்கூடாது. நீங்க ஜெபத்துக்கு மட்டும் வாயைத் திறங்க."

"அது பொய்தானே ஃபாதர் சொல்லும்?"

"பொய்க்கெல்லாம் அப்பன் அது. ஆனா சில நேரம் உண்மையும் சொல்லும்மா. அப்பத்தான நீங்க இன்னொரு கேள்வி கேப்பீங்க."

 பெரியம்மாவின் மனதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அது பல வருஷமாக இருந்த கேள்வி.

அவளுக்கு ஒரே மகன். கப்பலில் வேலைக்குப் போனான். ஏதோ துறைமுகத்தில் இறங்கினான் என்றார்கள். பிறகு போனும் இல்லை, தகவலும் இல்லை. கப்பல் கம்பெனி கையை விரித்தது. உயிரோடு இருக்கிறானா, போய்ச் சேர்ந்துவிட்டானா... யாருக்கும் தெரியாது. நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? அழுவோம், காத்திருப்போம். அவளுக்கு அதோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. மாதா கோயிலில் மகன் பெயருக்குப் பூசை வைக்கப் போனால் முதலில் கேட்பது இதைத்தான்: "உயிரோட இருக்கிறவருக்கா, இறந்தவருக்கா?" உயிரோடு இருப்பவனுக்கு ஒரு விதமாக மன்றாடுவார்கள், செத்துப்போனவனின் ஆன்மாவுக்கு வேறு விதமாக. ஒரு தடவை உயிரோடு இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்து ராத்திரியெல்லாம் அழுதாள். ஒருவேளை செத்திருந்தால், அவன் ஆன்மா ஒரு ஜெபத்துக்கு வழியில்லாமல் தவிக்குமே! அடுத்த தடவை இறந்துபோனதாகச் சொன்னாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "பெத்த வாயாலயே புள்ளையைச் சாகடிச்சிட்டேன்டா" என்று ஃபியூஸிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாளாம். அதன்பிறகு பூசை வைப்பதையே விட்டுவிட்டாள். அதுவும் அவளை அரித்தது.

சரி... அறைக்கு வருவோம்.

தியான இல்லத்தின் கோடி அறை. கட்டில், மேசை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார்கள். அலமாரி நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. தரையில் ஒரு மெத்தை, ஒரு வாளித் தண்ணீர், இரண்டு துண்டு. மெத்தையில் அந்தப் பெண். தலைமாட்டில் அவள் அண்ணன். சன்னல் திறந்துதான் இருந்தது, வெயிலும் உள்ளே விழுந்தது. ஆனாலும் நாள்பட்ட பூச்சாடித் தண்ணீரைக் கொட்டியதுபோல ஒரு நாற்றம். பெரியம்மா பிரசவ வார்டில் முகராத நாற்றமில்லை. அவளே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

இப்படி மூன்று நான்கு தடவை போய்வந்தார்கள். இது ஒரே நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. ஃபாதர் கழுத்தில் ஊதாப் பட்டையைப் போட்டுக்கொண்டு, தீர்த்தம் தெளித்து, புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். இவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். அந்தப் பெண் நகத்தால் தரையைப் பிறாண்டுவாள். 'கிர்ர்... கிர்ர்...' அண்ணனைப் பார்த்து அவன் மனைவிக்குக்கூடத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். அவன் முகம் செத்துவிட்டது. ஃபாதரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆனால் பெரியம்மாவை மட்டும்... ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் பக்கம் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை.

கடைசித் தடவை போன அன்றைக்கு மணி மூன்று இருக்கும். ஃபாதருக்குத் தொண்டை முழுசாக அடைத்துக்கொண்டது. இருமினார், இருமினார்... கைக்குட்டையில் ரத்தம். அண்ணன் பதறிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்து வராந்தாக் குழாயடிக்கு அழைத்துப்போனான். வாசலில் நின்று ஃபாதர் பெரியம்மாவைப் பார்த்தார். குரல் வரவில்லை. உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அறையில் இரண்டே பேர். பெரியம்மாவின் கைக்குள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டு இரண்டும் இருந்தன. அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். பிறாண்டல் நின்றிருந்தது. குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம்... ஃபாதர் இருமுகிற சத்தம்...

பெரியம்மா கேட்டுவிட்டாள்.

ஃபியூஸிடம் பிறகு அவளே சொன்னது இது. "நான் கேக்கணும்னு நினைக்கலடா. வாய் தானா திறந்துக்குச்சு" என்றாளாம். நான் அதை நம்பமாட்டேன். பெற்றவள் வாய் தானாகவா திறக்கும்? அத்தனை வருஷமும் உள்ளே தேக்கி வைத்தது, மடை உடைந்தது. அவ்வளவுதான். ஆனால் அவள் கேட்டதைப் பாருங்கள்... மகன் எங்கே என்று கேட்கவில்லை, வருவானா என்றும் கேட்கவில்லை.

"என் பையனுக்கு எந்தப் பூசை வைக்கிறது?"

அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். உறுமவில்லை. சிரிக்கவில்லை. கடையில் நிற்கிற பெண் நம்மிடம் கேட்பாளே, அதே பணிவு, அதே குரல்.

"உங்களுக்கு எது வேணும்?"

 பெரியம்மா அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"உயிரோட... உயிரோட இருக்கணும்."

"சரி."

அவ்வளவுதான். கைக்குள் முறுக்கிக்கொண்டிருந்த மணிக்கட்டு துவண்டது. நாற்றம் போய்விட்டது, மிச்சம் மீதி இல்லாமல். ஃபாதர் உள்ளே வந்தபோது அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, "தண்ணி கொடுங்கண்ணா, தாகமா இருக்கு" என்று அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு கதறினான். அவள் தானாகச் சிலுவை போட்டாள், பாடுபட்ட சுரூபத்தை, அதுதான் இயேசு தொங்குகிற சிலுவையை, வாங்கி முத்தமிட்டாள். ஃபாதர் முழங்காலில் விழுந்து, வராத குரலில் கடவுளுக்கு நன்றி சொன்னார். ஜெபம் ஜெயித்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். பெரியம்மா மட்டும் சுவரோரமாக நின்றாள். தான் கேட்டதை ஃபாதரிடம் சொல்லவில்லை.

மகன் வந்தான்.

சில வாரம் கழித்து, ஒரு பகல் நேரம். தோளில் ஒரு பை. மெலிந்திருந்தான், தலை கொஞ்சம் நரைத்திருந்தது. வாசலில் நின்று, "அம்மா, நான்தாம்மா" என்றான். அயல்நாட்டுச் சிறை, காய்ச்சல், மொழி தெரியாத ஊர் என்று காரணமெல்லாம் சொன்னான். எல்லாம் நம்பும்படியாகத்தான் இருந்தது. அக்கம்பக்கமெல்லாம் திரண்டு வந்து, "கடவுள் கண்ணைத் திறந்துட்டார்" என்றார்கள்.

அக்கா, நீ முந்திக்கொண்டு சொல்லாதே. 'அது மகன் இல்லை, வேறு எதுவோ' என்றுதானே சொல்ல வருகிறாய்? ஃபியூஸுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். என்னென்னவோ கேட்டுப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. "நான் மறந்து போனதைக்கூட அவன் சொன்னான்டா" என்றான் என்னிடம். பெரியம்மா ஒரு நாள் டீயில் தீர்த்தத்தைக் கலந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "கொஞ்சம் தண்ணியா இருக்கும்மா" என்றான். சிரிக்கிறீர்களா? ஃபியூஸும் சிரித்தான். கோயிலுக்கு வந்தான், சிலுவை போட்டான், நற்கருணை அப்பம் வாங்கினான். ஒரு குறையும் இல்லை.

குறை இல்லாததுதான் பெரியம்மாவுக்குக் குறை. பழைய மகன் சோற்றில் உப்பு கூடினால் தட்டை விசிறி அடிக்கிறவன். வாயைத் திறந்தால் எரிந்து விழுவான். இவன் ஒரு நாள்கூடக் கோபப்படவில்லை. குழாயைச் சரிசெய்தான், துணி துவைத்தான், ராத்திரி அவள் கால் அமுக்கினான். பட்ட கஷ்டம் ஆளை மாற்றாதா என்ன? மாற்றும். சிறைக்குப் போய்ப் பூனையாகத் திரும்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படியும் இருக்கலாம்.

ஆனால் அவள் கோயிலில் நற்கருணைக்கு எழுந்து போவதை நிறுத்திவிட்டாள். மனதில் ஒரு பெரிய பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கக்கூடாது. பேயிடம் கேட்டு வாங்கியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் தீர்ந்தது... அதுதான் அவளுக்குப் பயம்.

ஒரு நாள் அவள் வீட்டுச் சுவிட்சைக் கழற்றி மாட்டப் போன ஃபியூஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மகன் கடைக்குப் போயிருந்தான். ஃபியூஸ் அரைக் கிறுக்கன், உங்களுக்குத்தான் தெரியுமே. யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

"இதுக்குப் போயா இவ்ளோ கவலை? ஃபாதர்கிட்ட சொல்லிடு பெரியம்மா. அவன் உன் புள்ளையா இருந்தா எங்க போயிடப் போறான்?"

"இல்லைன்னா?"

ஃபியூஸ் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"சொல்லிட்டது எதுவும் அதோட கைக்கு எட்டாதுன்னு ஃபாதர் சொன்னார்டா. நான் கேட்டதும் அது குடுத்ததும் அதோட முடிஞ்சு போச்சுன்னா... நான் சொல்லிட்டுத் திரும்பிப் பாக்கறப்ப அவன் உக்காந்திருந்த பெஞ்சு காலியா இருந்தா நான் என்னடா செய்வேன்?"

நானும் ரொம்ப நாள் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது கிடைத்தால் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மகன் கூடவே இருப்பான், ஆனால் அது மகன்தானா என்று சாகும்வரை தெரியாது. சொன்னால் தெரிந்துவிடும்... தெரிகிற அந்த நொடியில் அவன் போய்விடலாம்.

சனிக்கிழமைதான் பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள்; அப்படி எத்தனையோ சனிக்கிழமை போனது. அவள் இளைத்துத் துரும்பானாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், "வாடா, கோயிலுக்குப் போகலாம்" என்று ஃபியூஸையும் கூப்பிட்டாள். மகனும் கிளம்பினான். அவன் எப்போதும் கூடவே வருவான்.

கோயிலில் கூட்டமில்லை. மெழுகுவர்த்தி அணைந்த வாசனை. பாவசங்கீர்த்தனப் பெட்டிக்கு முன்னால் இரண்டு பேர்தான். பெரியம்மா வரிசையில் நின்றாள். மகன் நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். ஃபியூஸ் அவனுக்குப் பின் பெஞ்சில். முன்னால் இருந்தவர்கள் போனார்கள். பெரியம்மா முழங்காலிட்டாள். திரைச்சீலை விழுந்தது.

உள்ளே மிட்டாய் ஃபாதர்தான். தட்டிக்கு அந்தப் பக்கம் மிட்டாய் பல்லில் படுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. 'டிக்... டிக்...'

"சொல்லுங்கம்மா."

பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறணி பேசியதைச் சொன்னாள். பால்காரரிடம் கோபப்பட்டதைச் சொன்னாள். காலை ஜெபத்தை விட்டதைச் சொன்னாள்.

"வேற ஏதாச்சும் இருக்காம்மா?"

அவள் தலையைத் திருப்பினாள். திரைச்சீலை ஓரத்தில் ஓர் இடுக்கு. அதன் வழியே பெஞ்சு தெரிந்தது. மகன் பீடத்தைப் பார்க்கவில்லை, இந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்களே, அப்படி. முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்து... விரல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. பின் பெஞ்சிலிருந்த ஃபியூஸும் அந்த நடுக்கத்தைப் பார்த்தான்.

"அம்மா... வேற ஏதாச்சும் இருக்கா?"

"வேற ஒண்ணும் இல்ல ஃபாதர்."

வெளியே வந்தாள்.  மகன் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. கோயில் படிகளில் மெல்ல, ஒவ்வொரு படியாக, அவளை இறக்கிக் கூட்டிப்போனான். ஃபியூஸ் இரண்டு படி பின்னால் வந்தான்.

கடைசிப் படியில் மகன் குனிந்து அவள் காதருகில் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் ஃபியூஸுக்கும் கேட்டது.

"ரொம்ப தேங்க்ஸ்மா."

எதற்கு என்று பெரியம்மா கேட்கவில்லை.